புதிதாய் ஆடுவோர்க்குத் துணைநிரல் எத்தனை?

நம் திங்களிதழில் ஏலச்செடியின் நோய்களைப் பற்றியும், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையைப் பற்றியும், ஊருக்கும் மலைக்கும் இடையே ஓடும் பேருந்துகளைப் பற்றியும் கட்டுரைகள் வந்துள்ளன. கணிப்பொறி விளையாட்டைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. “விளையாட்டுக்கும் ஒரு கட்டுரையா?” என்று மூத்தோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். பெற்றோர் மலையிலும், ஒரு பிள்ளை கடல் கடந்தும், மற்றொரு பிள்ளை விடுதியிலுமாக வாழ்கிற நம் குடும்பங்களில், உடன்பிறந்தார் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் இடமாக இன்று இவ்விளையாட்டுகளும் ஆகியிருக்கின்றன. அத்தகைய கூட்டம் ஒன்று குலைந்ததையும், பின்னர் ஒருவாறு கூடியதையும் அருகிருந்து கண்டவன் நான். குலைத்தவை, துணைநிரல்கள் எனப்படும் சிறு நிரல்கள். இளைஞர் அவற்றை ‘ஆட்-ஆன்’ என்பர்.

வண்டன்மேட்டில் இருப்பது என் அக்காள் வீடு. அத்தான் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மூத்த மருமகன் துபாயில் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான்; போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இளையவன் கல்லூரியில் படிக்கிறான். ஞாயிறு இரவுகளில் இருவரும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டில் சந்திப்பது என்று சென்ற மழைக்காலத்தில் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மூன்றாம் ஞாயிறன்றே சண்டை வந்துவிட்டது.

அக்காள் தொலைபேசியில் அழைத்தாள். “தம்பி, பையன்கள் இரண்டு பேரும் பேசிப் பதினைந்து நாளாகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீயும் அந்த விளையாட்டை ஆடுகிறவன்தானே, ஒரு நடை வந்து பார்.”

ஆடுகிறவன்தான். புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் வேலை எனக்கு. இரவுப்பணி முடிந்து வரும் நாட்களில் பகலில் உறக்கம் வராது. 2019 ஆகஸ்டில், அவ்விளையாட்டின் பழைய வடிவத்தைக் ‘கிளாசிக்’ என்ற பெயரில் அந்நிறுவனம் மீண்டும் வெளியிட்டபோது ஆடத் தொடங்கினேன். பெரிய வீரன் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. ஆனால் துணைநிரல்களில் புதியவர்கள் செய்யக்கூடிய பிழைகள் அனைத்தையும் நானே செய்து முடித்தவன் என்ற தகுதி உண்டு. அடுத்த ஓய்வு நாளில் கம்பத்திலிருந்து பேருந்தேறி, கம்பம்மெட்டு வழியாக மலையேறினேன்.

விளையாட்டை அறியாத வாசகர்க்கு இரண்டொரு சொல். அமெரிக்காவிலுள்ள பிளிசார்டு என்னும் நிறுவனம் 2004 நவம்பர் 23-ஆம் நாள் இதனை வெளியிட்டது. ஆடுபவர் ஒவ்வொருவரும் வேடனாகவோ, பூசாரியாகவோ, போர்மறவனாகவோ ஒரு வேடம் பூண்டு, ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே உலவும் ஒரு கற்பனை நாட்டிற்குள் புகுகிறார். பணிகளை ஏற்று முடிக்க முடிக்க நிலை உயரும். இருபதாம் நிலை வரையில் காசு கொடாமல் ஆடலாம். அதற்கு மேல் மாதச் சந்தா, அமெரிக்காவில் 14.99 டாலர். விளையாட்டை நிறுவுவதற்குக் கணிப்பொறியில் நூறு ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். தமிழில் இஃது இல்லை.

திரையின் நடுவே நம் வீரன் நிற்பான். அடியில் அவன் வித்தைகளின் பொத்தான்கள் வரிசையாய் இருக்கும். மூலையில் நிலப்படமும், ஓரத்தில் ஏற்ற பணிகளின் பட்டியலும், கீழே உரையாடற் பெட்டியும் காணப்படும். இவையனைத்தும் சேர்ந்ததே இடைமுகம். இந்த இடைமுகத்தை ஆடுபவர் தம் விருப்பம் போல் மாற்றிக்கொள்ளத் தொடக்க நாள் முதலே நிறுவனம் இடமளித்தது. மாற்றும் நிரலை ‘லுவா’ என்னும் மொழியில் எழுத வேண்டும். அது 1993-இல் பிரேசில் நாட்டில், ரியோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. அந்நாட்டார் பேசும் போர்ச்சுகீசியத்தில் லுவா என்றால் நிலவு என்று பொருள். உலகெங்குமுள்ள ஆர்வலர் ஊதியம் கருதாது எழுதிக் குவித்த துணைநிரல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பை நிறைய இருக்கும் பொருள்களை அடுக்கித் தருவது ஒன்று. வழி காட்டுவது ஒன்று. எதிரி எப்போது பாய்வான் என்று முன்கூட்டியே கூவுவது ஒன்று. அடித்த அடியைக் கணக்கிட்டுச் சொல்வதும் உண்டு.

இனி மருமகனின் திரைக்கு வருவோம். நான் அதனைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தேன். வீரன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நான்கு புறமும் பட்டைகள். பட்டைகளின் மேல் எண்கள். எண்களின் மேல் நிறம் மாறும் வட்டங்கள். நிலப்படம் இருக்க வேண்டிய மூலையில் ஏதோ ஒரு வரைபடம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உரையாடற் பெட்டி கண்ணுக்கே புலப்படவில்லை. எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தொரு துணைநிரல்கள்.

“இவ்வளவும் நீயா தேர்ந்தெடுத்தாய்?” என்றேன்.

“இல்லை மாமா. அண்ணன் தன்னுடையதை அப்படியே சுருக்கி அனுப்பினான். இது இல்லாமல் ஆட முடியாது என்றான்.”

அண்ணன் எட்டு ஆண்டுகளாக ஆடுகிறவன். ஒவ்வொரு துணைநிரலையும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவை கருதிச் சேர்த்திருப்பான். அவன் கண்ணுக்கு அத்திரை தன் வீட்டுச் சமையலறை. இருட்டிலும் உப்பு எங்கே, புளி எங்கே என்று கை தானே செல்லும். தம்பிக்கோ அது ஒரு பலசரக்குக் கடையின் கிடங்கு. மேலும், அண்ணன் காலப்போக்கில் ஒன்றை விடுத்து மற்றொன்றுக்கு மாறியபோது பழையதை நீக்காமலே விட்டிருந்தான். தன் கணிப்பொறியில் அவற்றை அணைத்து வைத்திருந்தான். தம்பியின் கணிப்பொறியிலோ எல்லாம் விழித்துக்கொண்டன. பொத்தான் பட்டைகளை மாற்றியமைக்கும் ‘பார்டெண்டர்’, ‘டாமினோஸ்’ இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பெரும் பகைவரின் தாக்குதலை முன்னறிவிக்கும் ‘டெட்லி பாஸ் மாட்ஸ்’ ஒரு புறம், அதே வேலையைச் செய்யும் ‘பிக்விக்ஸ்’ மறுபுறம். இரண்டு குரல்கள் “ஐந்து, நான்கு, மூன்று” என்று ஆங்கிலத்தில் எண்ணும். இரண்டிற்கும் இடையே அரை நொடி வேற்றுமை! எந்தக் குரலுக்கு விலகுவது என்று தெரியாமல் பையன் நடுவில் நின்று அடிபட்டிருக்கிறான்.

சண்டைக்குக் காரணம் இவை மட்டுமல்ல. ‘டீட்டெய்ல்ஸ்’ என்ற துணைநிரல் ஒன்று உண்டு. கூட்டாகப் போரிடும் ஐவரில் யார் எவ்வளவு அடித்தார் என்று வரிசைப்படுத்திக் காட்டும். பொத்தானை அழுத்தினால் அப்பட்டியலை எல்லோரும் காணுமாறு உரையாடலில் வெளியிடும். மூன்றாம் ஞாயிறன்று முன்பின் அறியாத மூவருடன் இருவரும் ஒரு பாதாளக் கோட்டத்திற்குள் சென்றிருக்கிறார்கள். தம்பி வேடன், பின்னின்று அம்பெய்ய வேண்டியவன். திரை உறைந்து உறைந்து நகர்ந்ததால் அவன் எய்தவை கொஞ்சம். முதற் பகைவன் வீழ்ந்ததும் பட்டியல் வெளிவந்தது. தம்பியின் பெயர் கடைசியில். காயம் ஆற்றும் பணியில் இருந்தவரே இவனைவிட அதிகம் அடித்திருந்தாராம். அம்மூவரும் நகைத்தார்கள்; வாக்கெடுத்து இவனை வெளியேற்றினார்கள். அண்ணன் தொலைபேசியில் அழைத்து, “என் மானத்தை வாங்கிவிட்டாயே” என்றான். பட்டியலை வெளியிட்டவன் அண்ணனேதான். பழக்கத்தினால் கை பொத்தானுக்குப் போய்விட்டது என்று பின்னாளில் என்னிடம் ஒப்புக்கொண்டான்.

அக்காள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “கணக்குப் போடுவதற்குத்தானா கூப்பிட்டான்?” என்று மட்டும் சொன்னாள்.

முதலில் திரையைக் காலி செய்தோம். வீரனைத் தேர்ந்தெடுக்கும் முகப்பில் ‘ஆட்-ஆன்ஸ்’ என்றொரு பொத்தான் உண்டு; அதனை அழுத்தினால் வரும் பட்டியலில் அனைத்தின் குறியையும் எடுத்துவிடலாம். ஆயினும் பழைய அமைப்புகளின் எச்சம் தங்கியிருக்கும். முழுதும் துடைக்க வேண்டுமாயின், விளையாட்டை மூடிவிட்டு, அது நிறுவப்பட்ட இடத்திற்குச் சென்று, அங்கே ‘இன்டர்ஃபேஸ்’, ‘டபிள்யூடிஎஃப்’, ‘கேஷ்’ என்னும் மூன்று கோப்புறைகளின் பெயர்களையும் மாற்றிவிட வேண்டும். முதலாவதில் துணைநிரல்கள் இருக்கும். இரண்டாவதில் அவற்றின் அமைப்புகள் இருக்கும். அழிக்க வேண்டியதில்லை, பெயரின் பின்னால் ‘ஓல்ட்’ என்று சேர்த்தாலே போதும். மறுமுறை திறக்கையில் விளையாட்டு புதிய கோப்புறைகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வேண்டியதைப் பழையதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

திரை தெளிந்தது. திரை உறைதல் நின்றதா என்பதையும் சோதித்தோம். இங்கே பலர் குழம்புவதொன்றுண்டு. திரையிலுள்ள விளையாட்டுப் பட்டியின் பொத்தான் மேல் சுட்டியை வைத்தால் இரண்டு அளவுகள் தெரியும். ஒன்று, நம் கட்டளை சேவையகத்திற்குச் சென்று மீள ஆகும் தாமதம். அது மில்லி செகண்டுக் கணக்கு. மற்றொன்று, நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வரையப்படுகின்றன என்பது. தாமதம் மிகுந்தால் பழி இணையத்தின் மேல். மழையும் மின்வெட்டும் உள்ள நம் மலையில் அது வியப்பன்று. படங்கள் குறைந்தால் பழி கணிப்பொறியின் மேல், அல்லது அதன் தலையில் ஏற்றிய சுமையின் மேல். மருமகனிடம் முன்பு நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். துணைநிரல்களை நீக்கியபின் நாற்பதை எட்டிற்று. இணையத்தைக் குறை கூறிப் பதினைந்து நாள் கழித்தவன் வாயடைத்து நின்றான்.

“சரி மாமா, இப்போது எதை முதலில் போடுவது?” என்றான். “ஒன்றையும் போடாதே, பத்து நிலை வரையில் வெறுந்திரையில் ஆடு” என்றேன். அவனுக்கு அது தண்டனை போல் தோன்றியது. தண்டனையன்று. தனக்கு எது குறைகிறது என்பதை அறியாதவன் துணைநிரலைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிறர் குறையைத்தான் வாங்கி வைத்துக்கொள்வான். நான் சீட்டுக்கொடுக்கும் சாளரத்தில் முதன்முதலாக உட்கார்ந்தபோது, மூத்த எழுத்தர் ஒருவர் என் மேசையிலிருந்த விலைப்பட்டியல், நாட்காட்டி, பிசின்புட்டி எல்லாவற்றையும் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, “பணப்பெட்டி இருக்கிறது, திரை இருக்கிறது. எதற்காக எழுந்திருக்க வேண்டியிருக்கிறதோ அதை நாளைக்குக் கொண்டுவந்து வை” என்றார். ஒரு வாரத்தில் என் மேசைக்குத் திரும்பிவந்தவை இரண்டே பொருள்கள்.

வெறுந்திரை என்றால் ஏழைத்திரை என்று எண்ண வேண்டா. 2020-இல் புதியவர்க்கென்றே ‘எக்சைல்ஸ் ரீச்’ என்னும் தீவு ஒன்றைச் சேர்த்தார்கள். முதற் பத்து நிலைகளுக்குள் நடக்கவும் அடிக்கவும் அதுவே கற்றுக்கொடுக்கும். இதைவிட முக்கியமானது ஒன்று. முற்காலத்தில் துணைநிரல்களாக இருந்தவை பல இன்று விளையாட்டின் உள்ளேயே அடங்கிவிட்டன. இதன் வரலாறு சுவையானது.

தொடக்க காலத்தில் ‘டிகர்சிவ்’ என்றொரு துணைநிரல் பெரும்புகழ் பெற்றிருந்தது. கூட்டத்தில் யாருக்கு நச்சுத் தாக்கியிருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, ஒரே பொத்தானில் மருந்திட்டுவிடும். ஆடுபவர் சிந்திக்க வேண்டியதே இல்லை. 2006 டிசம்பரில் வந்த 2.0 என்னும் திருத்தத்தில், எவரைக் குறிவைப்பது, எந்த வித்தையை ஏவுவது என்று துணைநிரல் முடிவு செய்யக்கூடாதென்று நிறுவனம் கதவடைத்தது. அடுத்து, பணிகளுக்கு வழிகாட்டும் ‘குவெஸ்ட் ஹெல்ப்பர்’ போன்றவை வீடுதோறும் இருந்தன. 2009 டிசம்பரில் வந்த 3.3 திருத்தத்தில், எந்தப் பணியை எங்கே முடிக்கலாம் என்று நிலப்படத்திலேயே காட்டும் வசதியை நிறுவனமே அளித்தது. 2022-இல் ‘எடிட் மோடு’ வந்தது. பட்டைகளை இழுத்து விரும்பிய இடத்தில் வைப்பதற்கு அதன்பின் துணைநிரல் வேண்டியதில்லை. பைகளை ஒன்றாக இணைத்துக் காட்டும் வசதியும் அதே ஆண்டில் வந்தது. 2025-இல், அடுத்து எந்த வித்தையை ஏவலாம் என்று பொத்தானை ஒளிரச்செய்து காட்டும் உதவியையும் சேர்த்தார்கள்.

அதே 2025-இல் நிறுவனம் மற்றொரு பெரிய அறிவிப்பைச் செய்தது. ‘மிட்நைட்’ என்னும் விரிவாக்கம் முதல், போர்க்களத்தில் நடப்பவற்றைத் துணைநிரல்கள் கணக்கிட்டு முடிவு சொல்வதற்கு இடம் குறுக்கப்படும் என்றும், பகைவரின் தாக்குதலுக்கான எச்சரிக்கையும் அடிக்கணக்கும் விளையாட்டினுள்ளேயே தரப்படும் என்றும் கூறிற்று. அதுகாறும் போர்க்களத்தில் அரசோச்சிய ‘வீக்ஆராஸ்’ என்னும் துணைநிரலை எழுதிய குழுவினர், அவ்விரிவாக்கத்திற்கு அதனைக் கொண்டுவரப் போவதில்லை என்று தெரிவித்துவிட்டனர். எனவே, “இந்தப் பதினைந்தும் கட்டாயம்” என்று சொல்லும் பழைய பட்டியல் எதைக் கண்டாலும், அஃது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நிலையத்திற்கு வந்து வண்டியைக் காணோம் என்று எழுத்தரிடம் சண்டையிடுவோரை நான் நாள்தோறும் காண்கிறேன்.

பத்து நாட்களில் மருமகன் தொலைபேசியில் பேசினான். குரலில் ஒரு தெளிவு இருந்தது. “மாமா, அண்ணன் முன்பெல்லாம் ‘அந்த ஆற்றங்கரைக்கு வா, 45, 62’ என்று எண் சொல்வான். எனக்கு எண் தெரிகிற இடம் எங்கேயுமில்லை.” இதுதான் குறை. இதற்கு ‘டாம்டாம்’ என்ற துணைநிரல் உண்டு. நிலப்படத்தில் நாம் நிற்கும் இடத்தின் எண்களைக் காட்டும்; வேறிடத்தின் எண்ணைக் கொடுத்தால் அம்புக்குறியிட்டு வழிகாட்டும். அதனைச் சேர்த்தான். ஒரு வாரம் அதனோடு மட்டும் ஆடினான். பின்னர், கிடைத்த தோலையும் மூலிகையையும் ஏலச்சந்தையில் விற்க முற்பட்டபோது எந்த விலை நியாயம் என்று தெரியாமல் ஏமாந்தான், ‘ஆக்‌ஷனேட்டர்’ வந்தது. அத்தான் அதைக் கண்டு வியந்தார். புற்றடியில் ஏலக்காய்க்கு மின்னேலம் நடப்பது நாமறிந்ததே. வியாபாரிகள் திரையின் முன் அமர்ந்து விலையை ஏற்றுகிறார்கள். “நம் ஏலம் போலவே இருக்கிறதே. தரம் பிரிப்பது எங்கே?” என்று அவர் கேட்க, மருமகன் மூலிகையின் தரக்குறிகளைக் காட்டினான். தந்தையும் மகனும் அவ்வளவு நேரம் ஒரே திரையைப் பார்த்து நான் கண்டதில்லை.

ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. புதிய திருத்தம் வரும் நாட்களில் துணைநிரல்கள் பழுதாவது இயல்பு. இரண்டு இருந்தால் பழுது எதில் என்று நொடியில் தெரியும். பல இருந்தால், பாதியை அணைத்துப் பார்க்க வேண்டும். பழுது நின்றால் அணைத்த பாதியிலும், தொடர்ந்தால் எஞ்சிய பாதியிலும் குற்றவாளி இருக்கிறான்; அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்க வேண்டும். நாற்பதாயினும் ஐந்தாறு முறையில் அகப்பட்டுவிடுவான்.

முழுத்திரையையும் மாற்றியமைக்கும் ‘எல்வியூஐ’ போன்ற பெருந்தொகுப்புகளைப் பற்றிக் கேட்பவர்க்கு என் கருத்து: அழகானவை, ஆனால் முதலாண்டில் வேண்டா. “இடப்பக்க மூலையில் உள்ள பொத்தானை அழுத்து” என்று துணைவர் ஒருவர் சொன்னால், அந்தப் பொத்தான் உங்கள் திரையில் அங்கே இராது. கற்றுக்கொடுப்பவர்க்கும் கற்பவர்க்கும் திரை ஒன்றாயிருத்தல் நலம். கிளாசிக் ஆடுவோர்க்கு மட்டும் ஒரு விலக்குச் சொல்வேன். அதில் பணிகளின் இடத்தை நிலப்படம் காட்டாது என்பதால் ‘குவெஸ்டி’யைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது குற்றமில்லை. அதுவும் இல்லாமல் காட்டில் அலைந்து திரிவதே இன்பம் என்போரும் உளர். நான் அவர்களில் ஒருவனல்லன். இரவுப்பணி பார்த்தவனுக்கு அத்தனை பொறுமை இல்லை.

அடிக்கணக்கிடும் துணைநிரலைப் பற்றி மருமகனிடம் கண்டிப்பாகவே சொன்னேன். கற்றுத் தேர்ந்தவர் தம் தவறுகளைத் தாமே திருத்திக்கொள்ள அது பயன்படும். புதியவன் கையில் அது தராசன்று, பிரம்பு.

இனி, பெற்றோர் கருத வேண்டிய செய்தி ஒன்று. துணைநிரல் என்பது வெறும் எழுத்துக் கோப்புகளும் படங்களும் ஒலிகளும் அடங்கிய ஒரு கோப்புறை. லுவா, டிஓசி, எக்ஸ்எம்எல் என்ற பின்னொட்டுகளோடு அக்கோப்புகள் இருக்கும். அதனுள் ‘இஎக்ஸ்இ’ என்று முடியும் கோப்பு இருந்தாலோ, அது கடவுச்சொல்லைக் கேட்டாலோ, அந்தக் கணமே அழித்துவிடுக. விளையாட்டினுள் பணம் கேட்கும் துணைநிரலும் வேண்டா. எவரும் துணைநிரலுக்கு விலை வைக்கக்கூடாதென்றும், அதன் நிரல் எல்லோரும் படிக்கத் திறந்திருக்க வேண்டுமென்றும் நிறுவனம் 2009-இலேயே விதி செய்தது. துணைநிரல்களை இறக்கித்தரும் செயலியையும் அதன் உண்மையான தளத்திலிருந்தே பெற வேண்டும். 2014 ஜனவரியில், ‘கர்ஸ் கிளையன்ட்’ என்னும் செயலியின் போலி ஒன்றைப் போலித் தளத்தில் வைத்துப் பலர் கணக்குகளைக் கவர்ந்தார்கள். இரண்டாம் பூட்டாகிய ‘ஆதென்டிகேட்டர்’ வைத்திருந்தவர்களும் அதில் தப்பவில்லை.

இதனினும் நுட்பமான மோசடி 2016-இல் நடந்தது. விளையாட்டில் ஒருவர் நட்பாகப் பேசி, “இந்த ஒரு வரியை உரையாடற் பெட்டியில் தட்டு, அருமையான பொருள் கிடைக்கும்” என்பார். அந்த வரி செய்வது யாதெனில், வரும் செய்திகளின் வெற்றிடங்களை நீக்கும் ஒரு சிறு நிரலை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் செய்தியையே கட்டளையாக நிறைவேற்றும் நிரலை அமர்த்துவது. அதன்பின் அந்த ‘நண்பர்’ அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் நம் கணிப்பொறியில் கட்டளையாக ஓடும். வீட்டுச் சாவியை நாமே கொடுத்த கதைதான். இதன் பின்னர், இத்தகைய வரியை முதன்முறை தட்டுகையில் எச்சரிக்கை தோன்றுமாறு செய்தார்கள். எச்சரிக்கையைப் படியாமல் ‘ஆம்’ என்று அழுத்துபவரை எவராலும் காக்க முடியாது.

துணைநிரல் கதை இவ்வளவு. அண்ணன் கதை மிஞ்சியிருந்தது. அதுதான் கடினமாயிற்று. அவனிடம் நான் தொலைபேசியில் பேசினேன். முதலில், “அவன் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறான் மாமா” என்றான். “நீ முதல் ஆண்டில் எத்தனை துணைநிரல் வைத்திருந்தாய்?” என்று கேட்டேன். சற்று நேரம் ஓசையில்லை. “ஒன்று” என்றான். பிறகு, “பைக்கு மட்டும்” என்றான். அவனைக் குறை கூறவும் எனக்கு மனம் வரவில்லை. வாரம் முழுவதும் வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குகிறவன். ஞாயிறு ஓரிரவு தம்பியோடு இருக்க வேண்டும் என்ற அவசரத்தில், எட்டு ஆண்டுகளை ஒரே கோப்பில் சுருக்கி அனுப்பிவிட்டான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். 2024 ஜனவரி முதல் பாதாளக் கோட்டங்கள் சிலவற்றில், அயலாரைச் சேர்க்காமல், எஞ்சிய இடங்களைக் கணிப்பொறியே இயக்கும் துணைவர்களால் நிரப்பிக்கொள்ளலாம். அவர்கள் நகைப்பதில்லை, வாக்கெடுப்பதுமில்லை, புதியவன் தயங்கி நின்றால் காத்திருப்பார்கள். அண்ணனும் தம்பியும் மட்டும் அங்கே செல்லட்டும். அண்ணன் தன் கணக்குப் பட்டியலை அன்றைக்கு மூடிவைக்கட்டும். “மூடி வைக்கிறேன்” என்று சொல்ல அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்து நான் வண்டன்மேட்டிற்குச் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை. அத்தான் உறங்கிவிட்டார். மருமகன் திரையில் மூன்றே துணைநிரல்கள், மூன்றாவது, தாக்குதலை எச்சரிக்கும் ஒன்று, ஒரே குரல்தான். கோட்டத்தின் வாயிலில் இருவரின் வீரர்களும் எதிரெதிரே நின்றார்கள். அக்காள் வேலையை முடித்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு மகனின் பின்னால் உட்கார்ந்தாள். முன்பும் அவள் அவ்வாறு உட்காருவது வழக்கமாம். நாற்பத்தொன்று வந்தபின் திரையில் யார் எங்கே என்று விளங்காததால் எழுந்து போய்விடுவாளாம்.

“இதில் பெரியவன் எது?” என்றாள்.

கேடயம் தாங்கி நின்றவனைத் தம்பி சுட்டிக்காட்டினான். அப்பொழுது அந்த வீரனின் தலைக்கு மேல் வெண்ணிறக் குமிழி ஒன்று தோன்றிற்று. அருகில் நிற்பவர் பேசினால் தலைக்கு மேல் எழுத்தாய்த் தோன்றுவது விளையாட்டின் இயல்பான அமைப்பே. பழைய திரையில் ஏதோ ஒரு துணைநிரல் அதனை மறைத்து, நிலப்படத்தின் அடியில் சிற்றெழுத்தில் ஒதுக்கி வைத்திருந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

“என்னடா சொல்கிறான்?”

“அம்மா தூங்கிவிட்டாளா என்று கேட்கிறான்” என்றான் மருமகன்.

“தூங்கவில்லை, பின்னால்தான் இருக்கிறேன் என்று போடு. மாமாவும் வந்திருக்கிறான் என்று போடு. சாப்பிட்டானா கேள்.”

மருமகன் தட்டினான். குமிழி மறைந்து மறுகுமிழி வரும் வரையில் அக்காள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே பகைவர்கள் காத்திருந்தார்கள். அன்றிரவு அவர்கள் கோட்டத்திற்குள் நுழையும்போது மணி பதினொன்றரை ஆகிவிட்டது.